பிரெக்சிட் விவாதம்

பிரெக்சிட் விவாதம் என்பது ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்பது பற்றி அந்நாட்டில் நடந்த பொது விவாதம் ஆகும். 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் இந்த விவாதம் உச்சத்தை அடைந்தது. விலக வேண்டும் என்ற தரப்பு 51.9 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. எனினும் விவாதம் அத்துடன் முடியவில்லை. எப்படி விலகுவது, விலகிய பின் எத்தகைய உறவு வைத்துக்கொள்வது, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு ஆகிய கேள்விகள் அடுத்த மூன்றரை ஆண்டுகள் நாட்டின் அரசியலை முழுமையாக ஆக்கிரமித்தன. 2020 ஜனவரி 31 அன்று ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்திலிருந்து முறைப்படி விலகியது.

1985இல் டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்து, மீன்பிடி உரிமைச் சிக்கல் காரணமாக அன்றைய ஐரோப்பிய சமூகத்திலிருந்து வெளியேறியது. ஆனால் இறையாண்மை உள்ள உறுப்பு நாடு ஒன்று முழுமையாக வெளியேறியது ஐக்கிய இராச்சியத்தின் நிகழ்விலேயே முதன்முறையாக நடந்தது.

பெயர்

பிரித்தானியா என்ற பெயரின் தொடக்கத்தையும், வெளியேற்றத்தைக் குறிக்கும் 'எக்சிட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் இணைத்து உருவான சொல்லே பிரெக்சிட். 2012ஆம் ஆண்டு முதல் இச்சொல் புழக்கத்தில் உள்ளது. கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கம் யூரோ நாணயத்தைக் கைவிடக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது உருவான 'கிரெக்சிட்' என்ற சொல்லை ஒட்டி இது அமைந்தது.

பின்னணி

1957இல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கை மூலம் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கின. ஐக்கிய இராச்சியம் அப்போது அதில் சேரவில்லை. 1961இல் சேர விண்ணப்பித்தபோது பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோல் 1963இல் அதைத் தடுத்தார். இரண்டாவது விண்ணப்பத்தையும் 1967இல் அவரே தடுத்தார். இறுதியில் எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்த காலத்தில், 1973 ஜனவரி 1 அன்று, அயர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளுடன் ஐக்கிய இராச்சியமும் உறுப்பினரானது.

சேர்ந்த இரண்டே ஆண்டுகளில் முதல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தொழிற்கட்சிப் பிரதமர் ஹரால்ட் வில்சன் 1975 ஜூன் 5 அன்று நடத்திய அந்த வாக்கெடுப்பில் 67.2 விழுக்காட்டினர் நீடிக்க வாக்களித்தனர். அன்றைய அணிகள் பிற்கால அணிகளுக்கு நேர்மாறாக இருந்தன. பழமைவாதக் கட்சியின் புதிய தலைவரான மார்கரெட் தாட்சர் நீடிப்பதை ஆதரித்தார். தொழிற்கட்சியின் இடதுசாரிகளும் பல தொழிற்சங்கங்களும் அதைப் பணக்காரர்களின் மன்றம் என்று கருதி எதிர்த்தனர். 1983 தேர்தல் அறிக்கையில்கூட ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகுவதாகத் தொழிற்கட்சி வாக்குறுதி அளித்திருந்தது.

1980களின் இறுதியில் இந்நிலை தலைகீழானது. ஐரோப்பிய அமைப்பு தொழிலாளர் உரிமைகளையும் சமூகப் பாதுகாப்பையும் வலியுறுத்தத் தொடங்கியதும் தொழிற்கட்சி அதை நோக்கி நகர்ந்தது. தாட்சர் 1988இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஆற்றிய உரையில், ஐரோப்பிய அளவில் அதிகாரம் குவிவதை எதிர்த்தார். அந்த உரை பழமைவாதக் கட்சிக்குள் இருந்த ஐரோப்பிய ஐயவாதிகளுக்கு வழிகாட்டி ஆவணம் போலானது. 1992இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் உடன்படிக்கை பொருளாதாரச் சமூகத்தை அரசியல் ஒன்றியமாக மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று பவுண்டு நாணயம் ஐரோப்பிய நாணயமாற்று வீத ஏற்பாட்டிலிருந்து வெளியேற நேர்ந்ததும் ஐயத்தை வளர்த்தது. 1993இல் விலகலையே முதன்மைக் கொள்கையாகக் கொண்ட ஐக்கிய இராச்சிய விடுதலைக் கட்சி தொடங்கப்பட்டது.

இத்தனைக்கும் ஐக்கிய இராச்சியம் பல விதிவிலக்குகளைப் பெற்றிருந்தது. யூரோ நாணயத்தை அது ஏற்கவில்லை. கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலும் சேரவில்லை. 1984இல் தாட்சர் வாதாடிப் பெற்ற தள்ளுபடியால் ஒன்றியத்திற்கு அது செலுத்த வேண்டிய தொகையும் குறைந்திருந்தது. ஒரு காலை உள்ளேயும் மறு காலை வெளியேயும் வைத்த உறுப்பினர் என்று இந்நிலை வருணிக்கப்பட்டதுண்டு.

வாக்கெடுப்பு வந்த வழி

2004இல் போலந்து உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் இணைந்தன. பெரும்பாலான பழைய உறுப்பு நாடுகள் புதிய நாடுகளின் தொழிலாளர்களுக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு விதித்தன. ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை உடனே கதவைத் திறந்தன. அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரக்கூடும் என்றது. வந்தவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. இந்தக் கணிப்புத் தவறு, குடியேற்றம் பற்றிய அரசின் பேச்சையே மக்கள் நம்பாத நிலைக்கு வித்திட்டது.

விடுதலைக் கட்சியின் வளர்ச்சியும், சொந்தக் கட்சி உறுப்பினர்களின் நெருக்கடியும் பிரதமர் டேவிட் கேமரனைத் தொல்லைப்படுத்தின. 2013 ஜனவரி 23 அன்று அவர், அடுத்த தேர்தலில் தம் கட்சி வென்றால் ஒன்றியத்துடன் மறுபேச்சு நடத்தி, பின்னர் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்தார். 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நைஜல் ஃபராஜ் தலைமையிலான விடுதலைக் கட்சி முதலிடம் பெற்றது. 2015 பொதுத்தேர்தலில் பழமைவாதக் கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றதால் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

வாக்காளருக்கு வைக்கப்பட்ட கேள்வியின் சொல்லமைப்பே முதல் விவாதப் பொருளானது. 'ஆம்', 'இல்லை' என்று பதிலளிக்கும் கேள்வியைத்தான் அரசு முதலில் முன்வைத்தது. அது நடப்பு நிலைக்குச் சாதகமாக அமையக்கூடும் என்று தேர்தல் ஆணையம் பரிந்துரைத்ததால், ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்ற இரு தெளிவான விடைகள் வாக்குச்சீட்டில் இடம்பெற்றன. எனினும் 'விலகல்' என்றால் என்ன என்பதை வாக்குச்சீட்டோ, வாக்கெடுப்புச் சட்டமோ வரையறுக்கவில்லை. பின்னர் எழுந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த இடைவெளியே காரணமாக இருந்தது.

வாக்குரிமை பெற்றவர்கள்

யாருக்கு வாக்குரிமை என்பதும் சர்ச்சைக்கு உள்ளானது. நாட்டில் வசித்த பிரித்தானிய, அயர்லாந்துக் குடிமக்களுடன் பொதுநலவாய நாடுகளின் குடிமக்களும் வாக்களிக்கலாம். எனவே அங்கு முறையாக வசித்த இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வாக்கு இருந்தது. ஆனால் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த ஜெர்மன், பிரெஞ்சு, போலந்துக் குடிமக்களுக்கு வாக்கு இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரித்தானியர்களும் சேர்க்கப்படவில்லை. 2014 ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்குத் தரப்பட்ட வாக்குரிமை இதில் தரப்படவில்லை.

இதன் விளைவு லண்டன் வாழ் தமிழரிடையேயும் தெரிந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் அங்கு வசித்தவர் வாக்களிக்க முடிந்தது. ஐரோப்பாவில் தஞ்சமடைந்து பிரெஞ்சு, டச்சு அல்லது ஜெர்மன் குடியுரிமை பெற்று, பின்னர் ஒன்றியத்தின் கட்டற்ற இடப்பெயர்வு உரிமையால் லண்டனுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழரால் வாக்களிக்க முடியவில்லை. முடிவால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் இரண்டாம் வகையினரே.

விலகும் தரப்பின் வாதங்கள்

விலகும் தரப்பின் அதிகாரபூர்வ அமைப்பாக 'வோட் லீவ்' அங்கீகரிக்கப்பட்டது. போரிஸ் ஜான்சன், மைக்கேல் கோவ் ஆகியோர் அதன் முகங்களாக விளங்கினர். கட்டுப்பாட்டை மீட்போம் என்பதே அதன் முழக்கம். ஃபராஜ் தனி அணியாகப் பரப்புரை செய்தார். இத்தரப்பின் வாதங்கள் நான்கு.

முதலாவது இறையாண்மை. ஒன்றியச் சட்டம் உறுப்பு நாட்டுச் சட்டத்துக்கு மேலானது. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றமே அதற்கு இறுதி விளக்கம் தரும். பிரித்தானிய வாக்காளர் தம் அரசைத் தேர்தலில் நீக்கலாம், ஆனால் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்தை அவ்வாறு நீக்க முடியாது என்று இத்தரப்பு வாதிட்டது.

இரண்டாவது குடியேற்றம். உறுப்பு நாட்டின் குடிமகன் எவரும் வேறு உறுப்பு நாட்டில் வாழவும் வேலை செய்யவும் உரிமை உண்டு என்பதால், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த எந்த அரசாலும் இயலாது என்றனர். இந்த வாதத்திற்குத் தெற்காசியருக்கென ஒரு வடிவமும் இருந்தது. ஐரோப்பியர் தடையின்றி வர, இந்தியத் துணைக்கண்டத்துச் சமையல்காரர் நுழைவுரிமை பெறத் திண்டாடுவதாகச் சுட்டிக்காட்டி, கறி உணவகங்களைக் காப்பாற்ற விலகலுக்கு வாக்களிக்குமாறு பிரீத்தி படேல் உள்ளிட்டோர் கேட்டுக்கொண்டனர்.

மூன்றாவது பணம். ஒன்றியத்துக்குச் செலுத்தும் தொகையை உள்நாட்டு மருத்துவ சேவைக்குச் செலவிடலாம் என்பது. நான்காவது வணிகம். சுங்க ஒன்றியத்தின் உறுப்பினர் தனியாக வணிக உடன்பாடு செய்துகொள்ள முடியாது. விலகினால் இந்தியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளுடன் நேரடியாக உடன்பாடு காணலாம் என்றனர்.

நீடிக்கும் தரப்பின் வாதங்கள்

கேமரன், நிதியமைச்சர் ஜார்ஜ் ஒஸ்போர்ன், தொழிற்கட்சி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, பெரும்பாலான பெருநிறுவனங்கள் ஆகியோர் நீடிக்கும் பக்கம் நின்றனர். இத்தரப்பின் முதன்மை வாதம் பொருளாதாரம். 2015இல் நாட்டின் ஏற்றுமதியில் சுமார் 44 விழுக்காடு ஒன்றிய நாடுகளுக்கே சென்றது. இறக்குமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வந்தது. ஒற்றைச் சந்தை என்பது சுங்கவரி நீக்கம் மட்டுமன்று. ஒரு நாட்டில் ஏற்கப்பட்ட பொருள் தரம் எல்லா நாடுகளிலும் ஏற்கப்படும். ஓரிடத்தில் உரிமம் பெற்ற வங்கி எங்கும் தொழில் செய்யலாம். கார் தொழிற்சாலைக்குத் தேவையான உதிரிப்பாகம் எல்லையில் நிற்காமல் குறித்த நேரத்தில் வந்து சேரும். இவற்றை இழப்பது செலவை உயர்த்தும் என்றனர்.

இறையாண்மையைப் பகிர்ந்துகொள்வதால் செல்வாக்கு கூடுகிறதே தவிர குறைவதில்லை என்பது இரண்டாவது வாதம். விலகினால் சந்தையின் விதிகளைப் பின்பற்ற நேரிடும், அவற்றை எழுதும் மேசையில் இடம் இருக்காது என்றனர். வட அயர்லாந்தின் அமைதி, அறிவியல் ஆய்வில் கூட்டுழைப்பு, இளைஞர்களின் கல்வி வாய்ப்பு ஆகியவையும் முன்வைக்கப்பட்டன. எனினும் வெளியேற்றத்தின் தீமைகளைப் பற்றியே அதிகம் பேசி, ஒன்றியத்தின் நன்மைகளை எடுத்துரைக்கத் தவறியது இத்தரப்பின் குறையாகப் பின்னர் சுட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் ஐரோப்பாவைக் குறைகூறிவந்த அரசியல்வாதிகள் சில வாரங்களில் அதன் ஆதரவாளராக மாறியதை வாக்காளர் நம்பவில்லை.

பரப்புரையும் உண்மையும்

விலகும் தரப்பின் சிவப்புப் பேருந்து இந்த விவாதத்தின் அடையாளமாயிற்று. ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை மருத்துவ சேவைக்குத் தருவோம் என்ற பொருள்படும் வாசகம் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தொகை தள்ளுபடியைக் கழிக்காதது. தள்ளுபடி போக அனுப்பப்பட்டது வாரத்துக்குச் சுமார் 25 கோடி. அதிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியாகவும் திரும்பி வந்தது. அரசுப் புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கும் ஆணையம் இத்தொகை தவறான எண்ணத்தை ஏற்படுத்துவது என்று அறிவித்தது. இருந்தும் வாசகம் அகற்றப்படவில்லை. சரியான தொகை 35 கோடியா, 25 கோடியா என்ற சச்சரவே அன்றாடச் செய்தியாகியது. நாடு பெருந்தொகை செலுத்துகிறது என்ற அடிப்படைச் செய்தி அதனால் மேலும் பரவியது.

நீடிக்கும் தரப்பும் மிகைப்படுத்தலில் ஈடுபட்டது. விலகினால் 2030இல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்டுக்கு இணையான இழப்பு ஏற்படும் என்று நிதியமைச்சகம் கணித்தது. நாட்டின் மொத்த உற்பத்தி எவ்வளவு குறைவாக வளரும் என்ற மதிப்பீட்டைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற எண் அது. குடும்ப வருமானத்தில் ஏற்படும் இழப்பு அன்று. விலக வாக்களித்த உடனேயே பொருளாதாரச் சரிவு வரும், சுமார் ஐந்து இலட்சம் பேர் வேலை இழப்பர் என்ற குறுகியகாலக் கணிப்பு பொய்த்தது. நீண்டகாலப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கைகளையும் பலர் இதே தட்டில் வைத்துப் புறந்தள்ளினர். வல்லுநர் அமைப்புகளின் பேச்சு மக்களுக்கு அலுத்துவிட்டது என்ற பொருளில் கோவ் தொலைக்காட்சியில் கூறியது பரவலாகப் பேசப்பட்டது.

ஜூன் 16 அன்று, அகதிகளின் நீண்ட வரிசையைக் காட்டும் சுவரொட்டியை ஃபராஜ் வெளியிட்டார். அது இனவெறுப்பைத் தூண்டுவதாக இரு தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. அதே நாளில், நீடிக்கும் தரப்பை ஆதரித்த தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ், தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் தீவிர வலதுசாரி ஒருவனால் படுகொலை செய்யப்பட்டார். பரப்புரை சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது.

முடிவு

72.2 விழுக்காட்டினர் வாக்களித்தனர். விலக வேண்டும் என்று 1,74,10,742 பேரும், நீடிக்க வேண்டும் என்று 1,61,41,241 பேரும் வாக்களித்தனர். வேறுபாடு 12,69,501.

நாட்டின் நான்கு பகுதிகளும் இரண்டாகப் பிரிந்தன. இங்கிலாந்தில் 53.4 விழுக்காடும் வேல்சில் 52.5 விழுக்காடும் விலகலுக்குக் கிடைத்தன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் நீடிக்க விரும்பினர். லண்டனில் சுமார் 60 விழுக்காட்டினர் நீடிப்பை ஆதரித்தனர். கிழக்கு ஐரோப்பியப் பண்ணைத் தொழிலாளர் பெருமளவில் குடியேறிய லிங்கன்ஷயர் மாவட்டத்தின் பாஸ்டன் நகரில் 75.6 விழுக்காடு விலகலுக்கு விழுந்தது.

பொருளாதார நலனை மட்டும் கொண்டு முடிவை விளக்க இயலவில்லை. நிசான் கார் தொழிற்சாலை அமைந்துள்ள சண்டர்லாந்து விலகலுக்கு வாக்களித்தது. ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதியைப் பெருமளவில் பெற்ற கார்ன்வாலும் அவ்வாறே செய்தது. சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டு நெடுங்காலமாகப் புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்த ஊர்களில், நடப்பு நிலை குலைந்துவிடும் என்ற எச்சரிக்கை எடுபடவில்லை. இளையோரும் பட்டதாரிகளும் பெரும்பாலும் நீடிப்பையும், முதியோர் பெரும்பாலும் விலகலையும் ஆதரித்ததாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின.

முடிவு வெளியான காலையில் கேமரன் பதவி விலகலை அறிவித்தார். டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு 1985க்குப் பின் காணாத அளவுக்கு வீழ்ந்தது. ஜூலை 13 அன்று தெரசா மே பிரதமரானார்.

விலகல் என்றால் என்ன?

வாக்காளர் தந்த விடைக்குப் பல பொருள்கள் இருந்தன. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் உண்டு. அதற்கு ஈடாகக் கட்டற்ற இடப்பெயர்வை ஏற்று, நிதியும் செலுத்துகிறது. துருக்கி பெரும்பாலான பொருட்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் உள்ளது, ஒற்றைச் சந்தையில் இல்லை. கனடா தடையற்ற வணிக உடன்பாடு மட்டும் செய்துள்ளது. எந்த உடன்பாடும் இல்லாவிட்டால் உலக வணிக அமைப்பின் பொது விதிகள் பொருந்தும். இவை அனைத்துமே ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நிலைகள்தாம். 'மென்மையான பிரெக்சிட்', 'கடினமான பிரெக்சிட்' என்ற சொற்கள் இதனால் புழக்கத்துக்கு வந்தன.

1.74 கோடிப் பேர் இவற்றுள் எதைக் கேட்டனர் என்று யாராலும் நிறுவ முடியவில்லை. குடியேற்றக் கட்டுப்பாடும் ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து விடுபடுவதுமே மக்களின் விருப்பம் என்று மே பொருள் கொண்டார். அதனால் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டிலிருந்தும் விலகுவது அரசின் கொள்கையாயிற்று. 2017 மார்ச் 29 அன்று உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி விலகல் அறிவிப்பு அளிக்கப்பட்டது. அப்பிரிவு இரண்டு ஆண்டு காலக்கெடு விதிக்கிறது. உள்நாட்டில் ஒருமித்த கருத்து உருவாகுமுன்பே கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அயர்லாந்து எல்லைச் சிக்கல்

பரப்புரையில் குறைவாகப் பேசப்பட்டு, பின்னர் எல்லாவற்றையும் நிர்ணயித்த சிக்கல் இது. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லை சுமார் 500 கிலோமீட்டர் நீளமுடையது. 200க்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. மூன்று பத்தாண்டு வன்முறைக்குப் பின் 1998 ஏப்ரல் 10 அன்று ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்பாட்டை அடுத்து, அங்கிருந்த படைக் காவல் நிலைகள் அகற்றப்பட்டன. இரு நாடுகளும் ஒரே சந்தையில் இருந்ததால் சரக்குச் சோதனைக்கும் தேவை இருக்கவில்லை.

ஐக்கிய இராச்சியம் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு விலகினால் எங்காவது ஓர் எல்லைச் சோதனை வேண்டும். அயர்லாந்துத் தீவில் அதை வைத்தால் அமைதி குலையும். அயர்லாந்துக் கடலில் வைத்தால், தம்மைப் பிரித்தானியராகக் கருதும் வட அயர்லாந்தின் ஒன்றியவாதிகள் சொந்த நாட்டிலிருந்து பிரிக்கப்பட்டதாக உணர்வர். சோதனையே வேண்டாமென்றால் நாடு முழுவதும் ஒன்றியத்தின் விதிகளுடன் ஒத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் தப்ப முடியாது. மேயின் உடன்பாடு ஏறக்குறைய மூன்றாவது வழியைப் பின்பற்றியது. ஜான்சனின் உடன்பாடு இரண்டாவதைத் தெரிந்துகொண்டது.

மக்களா, நாடாளுமன்றமா?

பிரித்தானிய அரசியலமைப்பின் அடித்தளம் நாடாளுமன்றத்தின் மேலாண்மை. பொதுவாக்கெடுப்பு சட்டப்படி ஆலோசனைத் தன்மை உடையதே. ஆனால் மக்களின் முடிவைச் செயல்படுத்துவோம் என்று வீடுதோறும் அனுப்பிய துண்டறிக்கையில் அரசு உறுதியளித்திருந்தது. இந்த இரண்டும் மோதிக்கொண்டன.

விலகல் அறிவிப்பை நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசு அளிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று, 8-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூனில் நடந்த பொதுத்தேர்தலில் மே பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் ஆதரவை நாட நேர்ந்தது. அவர் ஒன்றியத்துடன் எட்டிய உடன்பாடு 2019 ஜனவரி 15 அன்று 202-432 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. மேலும் இருமுறை தோற்றது. கடின விலகல் விரும்பியோரும், நீடிக்க விரும்பியோரும் எதிரெதிர்க் காரணங்களுக்காக ஒன்றாக எதிர்த்து வாக்களித்தனர்.

எதைத்தான் ஏற்பீர்கள் என்று அறிய, மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள் மீண்டும் முன்வைக்கப்பட்டன. சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் வழி 273-276 என மூன்றே வாக்குகளில் தோற்றது. இரண்டாவது பொதுவாக்கெடுப்பு 280-292 எனத் தோற்றது.

இரண்டாவது வாக்கெடுப்பு கோரியோர், 2016இல் மக்கள் பார்த்தது ஒரு வாக்குறுதியை, இப்போது கையில் இருப்பது ஓர் உடன்பாடு, எனவே மீண்டும் கேட்பதே முறை என்றனர். எதிர்த்தோர், முதல் தீர்ப்பைச் செயல்படுத்தாமலே மறுபடி கேட்பது, வேண்டிய விடை கிடைக்கும்வரை கேட்பதற்குச் சமம் என்றனர். விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோரிய இணையவழி மனுவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மறுபுறம், விலகல் காலந்தாழ்வதால் சினமுற்றோரின் வாக்குகளைப் பெற்று, 2019 மே ஐரோப்பியத் தேர்தலில் ஃபராஜின் புதிய பிரெக்சிட் கட்சி முதலிடம் பிடித்தது.

மே விலகியபின் ஜூலையில் ஜான்சன் பிரதமரானார். நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்கள் ஒத்திவைக்க அவர் எடுத்த நடவடிக்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். டிசம்பர் 12 அன்று நடந்த தேர்தலில், பிரெக்சிட்டை முடித்துவைப்போம் என்ற முழக்கத்துடன் அவர் கட்சி 365 இடங்களை வென்றது. நெடுங்காலம் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த வட இங்கிலாந்துத் தொகுதிகள் பல அதன் வசமாயின. அடுத்த மாதம் விலகல் நிறைவேறியது.

விலகிய பின்

2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட வணிக, ஒத்துழைப்பு உடன்பாடு பொருட்களுக்குச் சுங்கவரியும் அளவு வரம்பும் இல்லாமல் செய்தது. ஆனால் சுங்கப் படிவங்கள், உணவு, கால்நடைப் பொருட்களுக்கான சான்றிதழ்கள், பொருள் எங்கு உற்பத்தியானது என்பதற்கான நிரூபணம் ஆகியவை தேவைப்பட்டன. பெரிய நிறுவனங்கள் இதைச் சமாளித்தன. சிறு ஏற்றுமதியாளர் பலருக்கு இது பெருஞ்சுமையானது. நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் சுமார் 4 விழுக்காடு குறையும் என்ற மதிப்பீட்டை அரசின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம் பயன்படுத்திவருகிறது.

குடியேற்றத்தில் விளைவு எதிர்பாராத திசையில் சென்றது. ஒன்றிய நாடுகளிலிருந்து வருவோர் குறைந்தனர். 2021 முதல் நடைமுறைக்கு வந்த புள்ளிமுறையில் இந்தியா, நைஜீரியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து மாணவர்களும் மருத்துவ, முதியோர் பராமரிப்புத் தொழிலாளரும் பெருமளவில் வந்தனர். வாக்கெடுப்புக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 3.3 இலட்சமாகக் கணக்கிடப்பட்ட நிகரக் குடியேற்றம், 2023இல் 9 இலட்சத்தைத் தாண்டிப் பின்னர் குறைந்தது. கட்டுப்பாடு கிடைத்தது. அதைக் கொண்டு எண்ணிக்கையைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவு உள்நாட்டு அரசின் கைக்கு வந்தது. இனி பிரசெல்ஸைக் காரணம் காட்ட வழியில்லை.

ஏற்கெனவே அங்கு வசித்த ஒன்றியக் குடிமக்கள் தம் உரிமையை விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு பெற்றனர். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஈழத்தமிழரும் இவர்களுள் அடங்குவர்.

வட அயர்லாந்தில் கடல்வழிச் சரக்குச் சோதனையை எதிர்த்து ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்சிப் பகிர்வைப் புறக்கணித்தது. 2023 பிப்ரவரியில் ஏற்பட்ட விண்சர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்தது. ஓராண்டுக்குப் பின் அங்கு ஆட்சி மீண்டது.

தனி வணிக உடன்பாடுகள் என்ற வாக்குறுதி ஓரளவு நிறைவேறியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுடன் உடன்பாடுகள் ஏற்பட்டன. 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வணிகக் கூட்டமைப்பில் ஐக்கிய இராச்சியம் இணைந்தது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் உடன்பாடு கையெழுத்தானது. எனினும் இவற்றின் பொருளாதாரப் பயன் அண்டைச் சந்தையில் இழந்ததை ஈடுசெய்யும் அளவுக்கு இல்லை என்பதே பெரும்பாலான பொருளியலாளரின் மதிப்பீடு.

விவாதம் எழுப்பிய கேள்விகள்

ஒரு நாட்டின் எதிர்காலத்தை ஒரே கேள்வியால் தீர்மானிக்கலாமா என்பது அரசியல் அறிஞரிடையே இன்றும் ஆராயப்படுகிறது. தேர்தல் முறையை மாற்ற விரும்பிய நியூசிலாந்து இரு கட்டங்களாக மக்களைக் கேட்டது. 1992இல் மாற்றம் வேண்டுமா, வேண்டுமெனில் எந்த முறை என்று கேட்டது. 1993இல் பழைய முறையையும், முதற்கட்டத்தில் வென்ற புதிய முறையையும் நேருக்கு நேர் நிறுத்திக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு நடத்தியது. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டாவது கட்டம் திட்டமிடப்படவில்லை. அந்தப் பணியை நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இரண்டு பொதுத்தேர்தல்களும் செய்ய வேண்டியதாயிற்று.

மறுபக்க வாதமும் வலுவானது. 1973இல் சேர்ந்தபோதும், 1992இல் பொருளாதாரச் சமூகம் அரசியல் ஒன்றியமானபோதும் பிரித்தானிய மக்களின் ஒப்புதல் முன்கூட்டிப் பெறப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்டபோது தேங்கியிருந்த அதிருப்தி ஒரே நாளில் வெளிப்பட்டது என்று இவ்வாதம் கூறுகிறது.

விலகியது தவறு என்று கருதுவோர் சரியென்று கருதுவோரைவிட அதிகம் என்பதை அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனால் 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தையிலோ சுங்க ஒன்றியத்திலோ மீண்டும் சேரப்போவதில்லை என்ற உறுதிமொழியுடனேயே தேர்தலைச் சந்தித்தது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் பாதுகாப்பு, உணவுப் பொருள் சோதனை, மீன்பிடிப்பு ஆகியவற்றில் ஒன்றியத்துடன் நெருங்கிச் செயல்பட இணக்கம் காணப்பட்டது. மீண்டும் சேர விண்ணப்பித்தால் பழைய தள்ளுபடியும் விதிவிலக்குகளும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் உறுப்புரிமை பற்றிய பழைய விவாதத்தின் இடத்தை, வெளியே இருந்துகொண்டு எவ்வளவு நெருங்கலாம், அதற்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற புதிய விவாதம் பிடித்துள்ளது.